கவனிப்பற்ற பிள்ளை என்று சட்டம் யாரைச் சொல்கிறது?

தோட்டத் தோழர்களே! செக்ரோல் எழுதும் கிராணிமாரே!

“தோட்டத்துத் தமிழன் பிள்ளை பெறுவான், பிள்ளை வளர்க்கமாட்டான்” என்றொரு ஏச்சு நெடுங்காலமாக நம் காதில் விழுந்து கொண்டிருக்கிறது. பட்டணத்துப் பெரிய மனிதர்கள் மேடையில் நின்று சொல்கிறார்கள். போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் காரில் போகிறவர்கள், வழியில் ரப்பர் மரத்தடியில் ஓடியாடும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளித்துச் சொல்கிறார்கள். நம் லயத்திலோ இதற்கு நேர்மாறான இன்னொரு குரல்: “என் பிள்ளை, நான் அடிப்பேன், நான் உதைப்பேன், கேட்க நீ யார்?” என்று.

இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே சட்டத்தைப் படித்ததில்லை. படித்திருந்தால் முதலாமவர் வாய் சற்று அடங்கியிருக்கும், இரண்டாமவர் கை சற்று அடங்கியிருக்கும்.

2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம், 611-வது சட்டம் என்று எண்ணிடப்பட்டது, 2002 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் அதன்படி சிறார்தான். அதன் 17-வது பிரிவு “உடலில் காயம்” என்றால் என்ன என்று சொல்லும் இடத்தைக் கிராணிமார் லயத்தில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கிழிந்த காயம், கன்றிப் போன இடம், சிராய்ப்பு, தழும்பு, எலும்பு முறிவு, மூட்டு விலகல், சுளுக்கு, இரத்தக் கசிவு, உள்ளுறுப்பு கிழிதல், தீச்சுட்ட புண், கொதிநீர் பட்ட புண், நினைவு தப்புதல், முடி போதல், பல் போதல். இத்தனையும் அதில் இருக்கின்றன. எழுதியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதியதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் நின்று எழுதியது போலிருக்கிறது!

ஒரு நிபந்தனை உண்டு. தற்செயலாக நேர்ந்ததாக இருக்கக்கூடாது. பிள்ளை மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தால் அது குற்றமில்லை. பலாத்காரத்தாலோ, ஏதேனும் ஒரு பொருளைப் பிரயோகித்ததாலோ வந்ததாக இருக்க வேண்டும். “ஏதேனும் ஒரு பொருள்” என்ற சொல்லை லேசாக எண்ணாதீர். இடுப்பு வாரும் சைக்கிள் செயினும் மட்டுமல்ல, கண்ணில் தேய்க்கும் மிளகாயும் அதில் அடங்கும். காலில் இழுக்கும் சூட்டுக்கோல் தீப்புண் என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. நம் பாட்டன்மார் செய்தார்கள், நாமும் செய்கிறோம் என்று இவற்றுக்குச் சமாதானம் சொல்வோர் இன்னும் நம்மிடையே உண்டு. பாட்டன்மார் கங்காணியின் பிரம்படியையும்தான் வாங்கினார்கள். அதையும் பரம்பரை வழக்கமென்று வைத்துக் கொள்வோமா?

மனக்காயத்தையும் சட்டம் விடவில்லை. ஓயாத பயம், சோர்வு, ஒருவரோடும் ஒட்டாமல் ஒதுங்கிப் போதல், மூர்க்கம், வயதுக்கேற்ற வளர்ச்சியின்மை ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால் அதுவும் காயம்தான் என்கிறது. பாலியல் கொடுமை என்பதற்கோ பிள்ளையைத் தொட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆபாசக் காரியத்துக்குப் பார்வையாளனாக உட்கார வைத்தாலே போதும். செய்தவன் அப்பனா, சித்தப்பனா, மாமனா என்ற பேதமும் இல்லை. 2017-ல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம் இதற்கு மேலும் கடுமையானது.

“கண்டித்து வளர்க்கும் உரிமை இல்லையா?” என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. குற்றவியல் சட்டத்தின் 89-வது பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு காவலர் செய்வதைக் குற்றமாக்கவில்லை. ஆனால் வேண்டுமென்றே கொடுங்காயம் உண்டாக்குவதற்கு அந்தப் பிரிவு குடை பிடிக்காது. சம்சு உள்ளே போன பிறகு வெளியே வருவது நல்லெண்ணமா என்பதை மனைவிமார் சொல்லட்டும்.

இந்தச் சட்டம் தானாக வந்ததென்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் மாட்டையும் குதிரையையும் வதைப்பதைத் தடுக்க 1822-ல் சட்டம் செய்தார்கள். பெற்ற பிள்ளையை வதைப்பதைத் தடுக்க 1889 வரை, அறுபத்தேழு ஆண்டு, காத்திருந்தார்கள். நம் நாட்டில் 1947-ல் வெள்ளைக்கார சர்க்கார் சிறுவர்களுக்கென்று சட்டம் போட்டது. அதற்கும் பிறகு 1985-ல்தான் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில், கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான பிள்ளைகளைக் கண்டறிய டாக்டர்கள் ஒரு குழு அமைத்தனர். 1990-ல் கோலாலம்பூரில் இரண்டு வயது நிரம்பிய ஓர் இந்தியக் குழந்தை அடிபட்டுச் செத்தது. நாடே கொதித்தது. மறு ஆண்டு, 1991-ல், சிறார் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதையும் வேறிரண்டு பழைய சட்டங்களையும் சேர்த்துத்தான் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செய்தார்கள். ஆகவே தோழர்களே, இது யாரோ சீமையிலிருந்து கொண்டு வந்து நம் தலையில் கட்டிய சட்டமென்று சொல்லாதீர். நம் இனத்துப் பிள்ளையின் பிணத்தின்மேல் எழுந்த சட்டம் இது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அடிப்பதைப் பற்றி எவருக்கும் அதிகச் சந்தேகமில்லை. “புறக்கணிப்பு” என்ற சொல்லில்தான் சூது.

31-வது பிரிவு, தன் பராமரிப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமை செய்வதையும், புறக்கணிப்பதையும், கைவிடுவதையும் குற்றமாக்குகிறது. 2016-ல் திருத்திய பிறகு அதற்குத் தண்டனை ஐம்பதாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இருபது வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். போதிய உணவு, உடை, வைத்தியம், பல் வைத்தியம், தங்க இடம், கவனிப்பு இவற்றைக் கொடுக்கத் தவறினால் புறக்கணித்ததாகக் கருதப்படும் என்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாசகம் நிற்கிறது: தன் சொந்த வசதியிலிருந்து கொடுக்க இயன்றும் கொடுக்காவிட்டால்!

இந்த வாசகம் இரண்டு பக்கமும் வெட்டும் உளி. சம்பளத்தன்று பாதிப் பணத்தைச் சம்சுக் கடையில் கொட்டிவிட்டு, மீதிப் பாதியில் அரிசிக்குக் கடன் சொல்லுகிறவனைப் பார்த்து இது கேட்கிறது: “உனக்கு இயன்றதா, இல்லையா?” அவன் தப்பமுடியாது. தப்பவும் கூடாது. இந்தப் பத்திரிகையில் அவனுக்குப் பரிந்து பேச இடமில்லை.

அதே வாசகம் மறுபக்கம் திரும்பி, தோட்டத்துத் தாயை ஏசும் பட்டணத்துக் கனவானைக் கேட்கிறது: “அவளுக்கு இயன்றதா, இல்லையா?” மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லாவிட்டால் பாலில்லை, பாலில்லாவிட்டால் கூலி குறைவு என்று காலம் தள்ளியவள், பிள்ளையின் சொத்தைப் பல்லுக்கு டாக்டரிடம் போகவில்லை என்றால் அது புறக்கணிப்பா, வறுமையா? சட்டமே வறுமையைக் குற்றமாக்கவில்லை, நீ ஏன் ஆக்குகிறாய்? 1980-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு இப்படி ஒரு வழக்குப் போனது. ஏழைப் பெற்றோர், குளிரிலும் ஊட்டமின்றியும் செத்துப்போன குழந்தை. டாக்டர் வேண்டும் என்று அவர்களுக்கு உறைத்ததா, இல்லையா என்று பார்க்காமல் குற்றவாளி என்று தீர்த்தது தவறென்று கூறித் தண்டனையை ரத்துச் செய்தார்கள். இந்தியாவில் 2015-ல் செய்த சட்டம், தம் சக்திக்கு மீறிய நிலைமையில் பெற்றோர் பிள்ளையைக் கைவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளலாகாது என்கிறது. உலகத்து நீதிமான்களுக்குத் தெரிந்தது நம் மேடைப் பேச்சாளர்களுக்கு எப்போது தெரியும்?

அடுத்து 33-வது பிரிவுக்கு வருவோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தக்க ஏற்பாடு செய்யாமலோ, நியாயமற்ற நேரம் வரையிலோ, நியாயமற்ற நிலைமையிலோ விட்டுச் செல்லும் பெற்றோருக்கு இருபதாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பால் வெட்டுகிற எந்தத் தாயும் தகப்பனும் இதைக் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். சூரியன் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக இறங்குகிறது. அது மரத்தின் குணம், நாம் வைத்த நேரமல்ல. இருட்டில் பெரட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை பாயில் கிடக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே விடுவது?

ஆயாக் கொட்டகையில்! ஆயாக் கொட்டகை எங்கே?

1990-ல் செய்த 446-வது சட்டம், தொழிலாளரின் வீட்டு வசதிக்கான சட்டம், பிள்ளைக் காப்பகத்தையும் முதலாளியின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் சூதைப் பாருங்கள். அது ஒரு சட்டம், சிறார் சட்டம் இன்னொரு சட்டம். இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஆயாக் கொட்டகையின் கூரை ஒழுகினால், ஆயாவை நிறுத்திவிட்டால், ஒரு ஆயாவிடம் கணக்கு வழக்கின்றிப் பிள்ளைகளைத் தள்ளினால், அது வீட்டு வசதிச் சட்டத்தில் ஒரு குறைபாடு. அந்தக் கொட்டகை இல்லாததால் தாய் பிள்ளையை லயத்தில் விட்டுப் போனாலோ, அது சிறார் சட்டத்தில் கிரிமினல் குற்றம்! காரணம் செய்தவனுக்குக் குறைபாடு, காரியம் பட்டவளுக்குக் குற்றம். புறக்கணிப்பு என்ற சொல்லின் வரையறை நம் வீட்டு வாசற்படியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மானேஜர் ஆபீஸ் வரைக்கும் அதற்குக் கால் இல்லை.

எல்லா நிலைமைகளையும் கருதிப் பார்த்து நியாயமற்றதாக இருந்தால் என்று அந்த 33-வது பிரிவே சொல்லுவது நமக்கு ஒரு பிடி. எந்தத் தோழர்மேலாவது இந்தப் பிரிவில் வழக்கு வந்தால், தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்ததா, எத்தனை மணிக்குத் திறந்தது, பெரட்டு எத்தனை மணிக்கு என்ற கணக்கைக் கோர்ட்டில் வைக்க யூனியன் கிளை தயாராக இருக்க வேண்டும். அந்தக் கணக்கை இன்றே எழுதி வைக்காமல், வழக்கு வந்த பிறகு தேடுவதில் பலனில்லை.

பிள்ளையை வீட்டில் விடாமல் கூடவே நிரைக்குக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. ஒட்டுப்பால் உரிக்க, மங்கு துடைக்க, வாளி தூக்க. “சும்மா கூட வருகிறான்” என்பார்கள். 1966-ஆம் ஆண்டின் சிறுவர் வேலைச் சட்டம் தன் குடும்பத்தார் நடத்தும் தொழிலில் இலேசான வேலைக்குப் பிள்ளையை அனுமதிக்கிறது. ரப்பர் நிரை உன் குடும்பத்தார் நடத்தும் தொழிலா, தோழா? மரம் கம்பெனியுடையது, பால் கம்பெனியுடையது, இலாபமும் கம்பெனியுடையது. உன் பிள்ளையின் உழைப்பு மட்டும் எப்படிக் குடும்பக் காரியமாகும்? இரவு எட்டு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பிள்ளைக்கு வேலை கூடாதென்பதும் அதே சட்டம்தான். நாம் வெட்டத் தொடங்கும் நேரமோ அதற்கு முன்னால். செக்ரோலில் ஒரு பெயர், நிரையில் மூன்று ஜோடிக் கைகள். இதைத் தண்டலும் அறிவார், கிராணியும் அறிவார், துரையும் அறிவார். கொடுத்த வேலையின் அளவு ஒருவர் கைக்கு மீறியது என்பதற்கு அந்தப் பிள்ளையைவிட வேறு சாட்சி வேண்டுமா? 2003 ஜனவரி முதல் ஆரம்பப் பள்ளிப் படிப்புக் கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இங்கேயும் பெற்றோர்தான் அகப்படுகிறார்கள். அளவை நிர்ணயித்தவர் அகப்படுவதில்லை.

சட்டத்தின் பட்டியலில் விடுபட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். உணவும் உடையும் பல்லும்கூட அதில் இருக்கிறது, பிறப்புப் பத்திரம் இல்லை. பத்திரமில்லாத பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது, வளர்ந்தால் அடையாளக் கார்டுக்கு நிற்கிறது, கலியாணத்துக்கும் நிற்கிறது. இதைவிடப் பெரிய புறக்கணிப்பு எது? பதிவு செய்யச் சோம்பிய தகப்பனைக் கண்டிக்கிறோம். ஆனால் 1995-ல் ஐக்கிய நாட்டு சபையின் சிறார் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது, பிள்ளைக்குப் பெயரும் குடியுரிமையும் உண்டு என்ற 7-வது ஷரத்துக்கு விலக்கு வைத்தது நம் சர்க்கார். அதை யார் கண்டிப்பது? இன்று நம்மோடு மரம் வெட்டும் இந்தோனேசிய, வங்காளத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இதே கதிதான். சிறார் சட்டம் “பிள்ளை” என்றுதான் சொல்கிறது, “பிரஜையின் பிள்ளை” என்று சொல்லவில்லை.

தகவல் சொல்லும் கடமையும் சட்டத்தில் உண்டு. பிள்ளை கொடுமைப்படுவதாக நம்பத்தக்க காரணமிருந்தால் டாக்டர் சொல்ல வேண்டும், குடும்பத்தார் சொல்ல வேண்டும், கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர் சொல்ல வேண்டும். அதாவது ஆயாவும் சொல்ல வேண்டும்! தகவல் கொடுத்தவரின் பெயரைக் காக்கவும் வழி வைத்திருக்கிறது. “பக்கத்து வீட்டு விவகாரம்” என்று கதவைச் சாத்திக்கொள்ளும் லயத்துப் பெருமக்கள் 15999 என்ற டெலிபோன் எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். யூனியன் மெம்பர் என்பதற்காகப் பிள்ளையை அடிக்கிறவனை மூடி மறைக்கும் கிளைத் தலைவர் எவரேனும் இருந்தால், அவர் அந்தப் பதவியை விட்டு இறங்கட்டும்.

சி ரூசா வட்டாரக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் இரண்டு காரியம் செய்ய வேண்டும். 17, 31, 33 ஆகிய மூன்று பிரிவுகளைத் தமிழில் எழுதி, பெரட்டுக் களத்து நோட்டீசுப் பலகையில் ஒட்ட வேண்டும். நிர்வாகம் கிழித்தால் மறுபடி ஒட்ட வேண்டும். சட்டப்படியான காப்பகம் வைக்காத முதலாளியும் பிள்ளையைப் புறக்கணித்தவராகவே கருதப்பட வேண்டும் என்று 31-வது பிரிவைத் திருத்தக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றி, தலைமைச் சங்கத்துக்கும் சிரம்பானிலுள்ள நம் சட்டசபை உறுப்பினர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். தீர்மானத்தோடு ஒவ்வொரு தோட்டத்திலும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, ஆயா எத்தனை, கொட்டகை திறக்கும் நேரம் என்ன என்ற கணக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கை எடுக்கக் கிராணிமாரைத் தவிர வேறு ஆள் இல்லை.