கரையேறிய பின் கால் மணி நேரம்

நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்ட செய்தி ஊருக்கு எட்டும்போதெல்லாம், “கடலிலே பழுதாகிவிட்டது” என்றே யாவரும் கூறுவர். நாம் அவ்வாறு கருதுவதில்லை. படகின் இயந்திரம் நிற்பது கடலிலே. ஆனால், பெரும்பாலும் அது கெடுவது கரையிலே. மீனை இறக்கி, வலையைக் காயப்போட்டு, இரவெல்லாம் விழித்த மனிதர் வீடு நோக்கி நடக்கும் அந்தக் கால் மணி நேரத்திலேதான் உப்பு தன் வேலையைத் தொடங்குகின்றது.

குடும்பத்தினர் படிக்கும் பக்கத்தில் இயந்திரத்துக்கு என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். மயிலிட்டியிலும் பேசாலையிலும் முல்லைத்தீவிலும் வாழும் வாசகர்கள் வினவமாட்டார்கள். கண்ணாடியிழைப் படகின் பின்புறத்தில் தொங்கும் அந்த வெளியிணைப்பு இயந்திரமே பல வீடுகளில் வீட்டுக்கு அடுத்தபடியாக விலையுயர்ந்த பொருள். அது கடனில் வாங்கப்பட்டதாயின், அதன் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீண்டதாகிவிடுவதும் உண்டு. பணத்தினும் பெரிய கேடு வேறொன்று. பாக்கு நீரிணையில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடல் எல்லை 1974ஆம் ஆண்டிலும், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் 1976ஆம் ஆண்டிலும், உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்டது. இயந்திரம் ஓடும்வரை அந்த எல்லையைப் படகோட்டி அறிவார். நின்றபின் காற்றும் நீரோட்டமுமே படகை நடத்தும், அவற்றுக்கு எல்லை தெரியாது. ஆகவே, வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றோம்.

இவ்வகை இயந்திரத்தைப் பொதுமக்கள் வாங்கத்தக்க பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்றூட் என்பவர். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த அவர், 1909ஆம் ஆண்டளவில் ஒன்றரைப் பரிவலுவுள்ள இயந்திரத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். ஏரிக்கரைக்கு உலாவச் சென்ற நாளில், தம் காதலிக்காக மறுகரையிலிருந்து ஐஸ்கிறீம் வாங்கித் துடுப்பு வலித்துக்கொண்டு திரும்புமுன் அது உருகிவிட்டதாகவும், அந்தச் சினமே கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று என்றும் சொல்வார்கள். கதை எவ்வாறாயினும், அதிலே நாம் கவனிக்க வேண்டியது ஏரி என்னும் சொல்லை. நன்னீரிலே பிறந்த இயந்திரத்தை நாம் உப்புநீரிலே வேலை வாங்குகின்றோம்.

மோட்டார் வாகனம் தன்னைக் குளிர்விக்கும் நீரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றது. படகு இயந்திரமோ கடலையே குடித்துக் கடலிலேயே உமிழ்கின்றது. அதன் காற்பகுதியிலே இறப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று சுழன்று, நீரை மேலே ஏற்றுகின்றது. அந்நீர் இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். அதில் ஒரு சிறு பங்கு மூடியின் கீழுள்ள துளையால் பீச்சிக்கொண்டிருக்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நூறு லீற்றர் நீர் இயந்திரத்தினூடே சென்றால் மூன்றரைக் கிலோ உப்பு அவ்வழியே நடந்து போகின்றது என்று மாணவர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓடும்வரை அது வந்த வழியே போய்விடும். நின்றதும் உள்ளே தேங்கிய நீர், சூட்டினால் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் செல்கின்றது. நாளுக்கு நாள் படியும் அந்த உப்பு, நீரோடும் குறுகிய வழிகளை அடைக்கின்றது, உலோகத்தை அரிக்கின்றது. பின்னொரு நாள் கரையிலிருந்து பல மைல் தொலைவில், பீச்சும் நீர் மெலிந்து, இயந்திரம் சூடேறி இறுகிவிடுகின்றது. அன்றைய தினத்தைக் குறைகூறிப் பயனென்ன?

மருந்து எளியது: நன்னீர். தொட்டியொன்றிலோ பாதியாக வெட்டிய பீப்பாவிலோ நீரை நிரப்பி, இயந்திரத்தின் காலை நீருறிஞ்சும் துளைகளுக்கு மேலாக அமிழ்த்தி, தாழ்ந்த வேகத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். பல இயந்திரங்களில் சூடேறிய பின்னரே திறக்கும் சிறு வாயிலொன்று உள்ளே இருப்பதால், ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவதனால் பயனில்லை. கழுவ வேண்டிய இடத்தை நீர் சென்றடைந்திராது. விசிறியைக் கழற்றிவைத்துவிட்டே இதனைச் செய்தல் நன்று. பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் முற்றத்தில் இது மிகையான எச்சரிக்கையன்று. நீரில்லாமல் இயந்திரத்தை ஒருபோதும் முடுக்கலாகாது. “ஒலியைக் கேட்டுப் பார்க்கின்றேன்” என்று கரையில் வெறுமனே முடுக்குவோரைக் காணும்போது எமக்கு உடல் பதறுகின்றது. அந்த இறப்பர் இதழ்களுக்கு நீரே எண்ணெய். நீரின்றிச் சுழன்றால் சிறிது நேரத்திலேயே கருகிக் கிழிந்துவிடும். பரவைக் கடலில் மணலோடு சேர்ந்த நீரை உறிஞ்சும் இயந்திரங்களில் இதழ்கள் விரைவாகத் தேயும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. நெடுந்தீவிலும் ஏனைய தீவுகளிலும், குடிப்பதற்கே நல்ல நீரைத் தொலைவிலிருந்து குடங்களிற் சுமந்து வருகின்றனர் பெண்கள். அந்தத் தாய்மாரிடம் சென்று இயந்திரத்துக்கு நூறு லீற்றர் நன்னீர் வேண்டும் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால், இயந்திரம் குடிநீர் கேட்கவில்லை. வாயில் வைக்க இயலாத உவர்க் கிணற்று நீரிலும் கடலிலுள்ள உப்பின் சிறுபங்கே இருப்பது வழக்கம். கடல்நீர் உள்ளே காய்வதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல். மழைக்காலத்தில் கூரைநீரைப் பீப்பாக்களிற் பிடித்துவைப்பதும் ஆகும். மூன்று நான்கு படகுக்காரர் சேர்ந்து ஒரே தொட்டியை முறைவைத்துப் பயன்படுத்தலாம். நீர் கரிக்கத் தொடங்கியதும் மாற்றினாற் போதும். அந்நீரில் எண்ணெய் கலந்திருக்குமாதலால் அதைக் கிணற்றருகே ஊற்றலாகாது, தோட்டத்துக்கும் பாய்ச்சலாகாது.

பெந்தோட்டை போன்ற இடங்களில் உல்லாசப் பயணிகள் ஏறி விரையும் சிறு ஊர்தியைப் பலரும் பார்த்திருப்பர். மோட்டார் சைக்கிளைப் போல் அமர்ந்து செலுத்தும் அதனை ‘ஜெட் ஸ்கி’ என்பர். அது கவாசாக்கி நிறுவனம் தன் தயாரிப்புக்கு இட்ட பெயர். இன்று எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதற்கு வெளியே விசிறி இல்லை. நீரை உள்ளிழுத்துப் பின்னே பீறிட்டடித்து முன்னேறுகின்றது. கடற்கரை விடுதிகளிற் பணிபுரியும் நம் இளைஞர் சிலர் அவற்றைப் பராமரிப்பதனால் அதனையும் சொல்லிவிடுகின்றோம். அதைக் கழுவும்போது குழாயை இணைத்து, முதலில் இயந்திரத்தை முடுக்கிய பின்னரே நீரைத் திறக்க வேண்டும். முடிவில், முதலில் நீரை மூடிய பின்னரே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இடையே இயந்திரம் தானாக நின்றுவிட்டால் உடனே குழாயை மூடிவிட வேண்டும். காரணம் என்ன? புகை வெளியேறும் வழியிலேயே இந்நீரும் வெளியேறுகின்றது. இயந்திரம் ஓடும்போது புகையின் விசை நீரைத் தள்ளிவிடும். ஓடாதபோது நீர் அங்கேயே நிரம்பி, பின்னோக்கி ஏறி, உருளைக்குள் இறங்கிவிடும். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியாது. அந்நிலையில் முடுக்கினால் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, நீர்க்குழாய் இணைக்கும் வாயை உடலிலேயே கொண்ட புதிய வெளியிணைப்பு இயந்திரங்கள் சிலவற்றில், இயந்திரத்தை நிறுத்தி வைத்தே அவ்வழியாக நீர் பாய்ச்ச வேண்டும். ஆகையால், ஒன்றில் கற்றதை மற்றொன்றிற் செய்யுமுன் அதற்குரிய கைநூலைப் பார்த்தல் அவசியம்.

கைநூலைப் பற்றி இன்னுமொன்று. நான்கடிப்பு இயந்திரத்தின் எண்ணெயை “நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை” மாற்றுக என்பது போன்ற வாசகங்கள் அதிற் காணப்படும். எது முந்துகின்றதோ அதுவே கணக்கு. விடுமுறையில் மட்டும் ஓட்டும் செல்வந்தருக்கு ஆண்டுதான் முந்தும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், மாதத்தில் 25 நாட்கள் தொழிலுக்குச் செல்பவருக்கோ ஒரே மாதத்தில் நூறு மணி நேரம் நிறைந்துவிடுகின்றது. நூலை எழுதியவர் நம் கடற்றொழிலாளரை மனத்திற்கொண்டு எழுதவில்லை. நம்மவர் ‘ஆண்டு’ என்னும் சொல்லை விட்டு ‘மணி’ என்னும் சொல்லையே படிக்க வேண்டும்.

காற்பகுதியின் பற்சக்கரங்கள் எண்ணெயில் அமிழ்ந்திருப்பவை. அவ்வெண்ணெயை வடிக்கும்போது பால் கலந்த தேநீரைப் போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி தங்கூசியே. அறுந்து மிதக்கும் தங்கூசி வலைத்துண்டு விசிறித் தண்டிலே சுற்றி, உள்ளிருக்கும் அடைப்பு வளையத்தை அறுத்துவிடுகின்றது. கிழமைக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்த்தாற் போதும், இந்த நட்டம் வராது. புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையால் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிறைப்பட்டு, அளவு நிறைந்ததுபோல் ஏமாற்றும். மேல் ஆணியை இறுக்கிய பிறகே கீழ்த்துளையை மூடுதல் முறை.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் விரும்பத்தக்க பகுதி இனி வருவது. அலுமினியக் காலிலே சாம்பல் நிறக் கட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது நாகம், அதாவது துத்தநாகம். அலுமினியமும் துருவேறா உருக்கும் உப்புநீரில் ஒன்றாய் நிற்கும்போது அது ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றது. அதில் அலுமினியம் கரைய வேண்டும்; அதற்குப் பதிலாக நாகம் தன்னைக் கரைத்துக்கொள்கின்றது. இவ்வுண்மையைப் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் ஹம்பிறி டேவி. போர்க்கப்பல்களின் அடியிலுள்ள செப்புத் தகடுகள் கடலில் அரிக்கப்படுவதைத் தடுக்க, நாகம் அல்லது இரும்புத் துண்டுகளை அவற்றோடு இணைக்கலாம் என 1824ஆம் ஆண்டில் அவர் காட்டினார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால், பாவம், வேறு தொல்லை விளைந்தது. கரையும் செம்பின் நஞ்சே பாசியையும் கொட்டலசையும் இதுவரை அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு காப்பாற்றப்பட்டதும் அவை கப்பலடியில் செழித்து வளர்ந்து, கப்பலின் வேகத்தைக் குறைத்தன! எமது இயந்திரத்தில் அத்தொல்லை இல்லை. கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் சிறிதும் கரையாதிருந்தால் மகிழ வேண்டாம். அது உலோகத்தோடு சரியாகத் தொடவில்லை என்பதே பொருள். அழகுக்காக அதற்கும் சேர்த்து வர்ணம் பூசுவோர் உளர். பூசினால் கட்டி இருந்தும் இல்லாததே.

எரிபொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஈரடிப்பு இயந்திரத்துக்கு எண்ணெயைப் பெற்றோலோடு கலக்க வேண்டும். 50க்கு 1 என்று குறிக்கப்பட்டிருந்தால், பத்து லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். குறைந்தால் இயந்திரம் இறுகும்; கூடினால் புகை கக்கி, தீப்பொறி தரும் பிளக்கிலே கரி பிடிக்கும். கண்மதிப்பில் ஊற்றுவதைக் கைவிட்டு அளவுப் போத்தலைப் பயன்படுத்துதல் சிறப்பு. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் முடுக்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டுவதையோ பலர் மறக்கின்றனர். மறுநாட் காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகிறார்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதைக் கண்டவர்களுக்கு, கரிபிடித்த பிளக் வீணாக்கும் எரிபொருள் எத்தகைய நட்டம் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

படகு கவிழ்ந்து இயந்திரம் கடலில் மூழ்கிவிட்டால், வெளியே எடுத்து வெயிலிற் காயவைப்பதே பலரும் செய்யும் காரியம். அதனினும் கெடுதல் வேறில்லை. உப்புநீரில் நனைந்த உருக்குப் பாகங்கள் காற்றுப்பட்டதும் மிக விரைவாகத் துருவேறும். உடனே நன்னீராற் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை வடித்து, உருளைகளில் எண்ணெய் ஊற்றிக் கையாற் சுழற்றி, அன்றே திருத்துவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அன்று இயலாதெனில், அதுவரை நன்னீர்த் தொட்டிக்குள்ளேயே முழுதாக அமிழ்த்தி வைப்பது காயவிடுவதைக் காட்டிலும் நன்று. கேட்போர் வியப்பர், எனினும், அனுபவமுள்ள இயந்திரத் தொழிலாளர் இதனையே சொல்வர்.

வாடைக் காற்று எழுந்து தொழில் ஓய்ந்திருக்கும் கிழமைகளில் இயந்திரத்தைக் கிடத்தி வைக்காமல் நிமிர்த்தியே தொங்கவிட்டால், எஞ்சிய நீர் தானாக வடிந்துவிடும். எரிபொருட் குழாயைக் கழற்றிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிட்ட பின்பே மூட வேண்டும். மூடுவதற்குக் காற்றுப் புகாத பொலித்தீனைவிடப் பழைய சாக்கு மேலானது. அவ்வோய்வு நாட்களில், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையொன்று ஒரு கொப்பியை எடுத்து, இயந்திரத்தின் இலக்கத்தை முதற்பக்கத்தில் எழுதி, எண்ணெய் மாற்றிய நாள், இறப்பர் சக்கரம் மாற்றிய நாள், நாகக் கட்டி மாற்றிய நாள், ஓடிய மணி நேரம் ஆகியவற்றை நிரல்களாக வகுத்து வைக்கட்டும். தகப்பனார் கரையேறியதும் மணியைக் கேட்டு எழுதும் வேலையும் அப்பிள்ளைக்கே உரியது.