அப்பாவின் சேமநிதியும் தம்பியின் சினிமாவும்

கேரி தீவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் தம்பி படம் எடுக்கப் போகிறாராம். தோட்டத்து வாழ்க்கைதான் கதை. முதல் போட ஆள் தேடிக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை கடையாக ஏறி இறங்கினார். தேநீர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. இப்போது அப்பாவின் சேமநிதிப் பணத்தைக் கேட்கிறார். "கொடுக்கலாமா?" என்கிறார் சகோதரி.

கொடுக்க வேண்டாம், அம்மா. அதற்காகத் தம்பியைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். தோட்டத்துப் பெண்ணின் கதையாக தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதையாக சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்தது. மறு ஆண்டே சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் பெற்றது. நம் பிள்ளைகளால் முடியும். ஆனால் விருது வேறு, போட்ட முதல் திரும்புவது வேறு. டிக்கெட் பணத்தில் அரங்குக்காரர் பங்கு போக மிச்சம்தானே எடுத்தவர் கைக்கு வரும்? அப்பாவின் முதுமைக்கு இருக்கும் பணம் அந்த மிச்சத்தை நம்பிப் போகலாமா?

வேறு வழி உண்டு. 1976-இல் ஷியாம் பெனகல் 'மந்தன்' என்ற இந்திப் படத்தை எடுத்தார். குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களின் கதை. முதல் போட்டவர்கள் யார் தெரியுமா? அந்தச் சங்கங்களின் விவசாயிகள் 5 லட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய்! மொத்தம் 10 லட்சம். படம் வெளிவந்ததும் "எங்கள் படம்" என்று லாரி லாரியாக வந்து பார்த்தார்கள். பணம் போட்டவர்களே பார்வையாளர்கள். நஷ்டம் வந்திருந்தாலும் எவர் வீட்டு அடுப்பும் அணைந்திருக்காது.

கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேசா' என்று ஒரு குழு அமைத்தார்கள். ஊர் ஊராகச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, கூடிய மக்களிடம் சில்லறை திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். நம் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த பெரியவர்களுக்கு இது உடனே புரியும்.

இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டித்தானே தோட்டங்களையே வாங்கினார்கள்? (வெள்ளைக்கார துரைகள் விற்றுவிட்டுப் போன காலம் அது.)

ஆகவே தம்பி முதலில் பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கட்டும். கைப்பேசியே போதும். அதைக் கோயில் திடலிலும் மண்டபத்திலும் போட்டுக் காட்டி, ஆளுக்கு 10 வெள்ளி கேட்கட்டும். நன்கொடை என்றே சொல்லி வாங்கட்டும்; லாபத்தில் பங்கு என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. ரசீது கொடுக்க வேண்டும், வரவு செலவை எல்லோரும் பார்க்க எழுதி ஒட்ட வேண்டும். பெரிய படத்துக்குப் போகும்போது ஃபினாஸ் உரிமம், தணிக்கை எல்லாம் உண்டு. அவற்றையும் இப்போதே விசாரித்து வைக்கட்டும்.

அப்பா ஆசைப்பட்டால் அவரும் 10 வெள்ளி கொடுக்கட்டும். என் 10 வெள்ளியும் உண்டு. ரசீது மட்டும் மறக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.