'கசின்' என்ற சொல்லும் முறை என்ற வேலியும்

என் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் ராஜபாளையத்திலும் பாதிப்பேர் திருவில்லிபுத்தூரிலும் இருக்கிறார்கள். இரண்டு ஊர்க் கல்யாண வீடுகளிலும் இப்போது 'கசின்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. "இவன் என் கசின்" என்று ஒரு பெண் சொன்னால், "சித்தப்பா மகனா, அத்தை மகனா?" என்று பெரியவர்கள் கேட்காமல் விடுவதில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் 'கசின் பிரதர்' என்று வால் ஒட்டிச் சொல்கிறார்கள்.

இதைத் தப்பான ஆங்கிலம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒன்றை நம்மவர்கள் அதில் தேடுகிறார்கள். அதற்குப் பெயர் முறை. சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளிலும் அத்தை மகன் 'பாவா'தான், அண்ணன் ஆகமாட்டார். மொழி வேறானாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கு சாதி எல்லையோடு நின்றுவிடுகிறது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், புறமணத்தின் மேல் அகமணத்தை ஏற்றி வைத்ததில்தான் சாதி பிறந்தது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். பங்காளி வீட்டில் பெண் எடுக்காதே என்பது புறமணம். சாதிக்கு வெளியே எடுக்காதே என்பது அகமணம். முதல் விதியை மீறினால் ஊர் முகம் சுளிக்கும். இரண்டாவதை மீறினால் அரிவாள் வரும். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது அதற்காகத்தான்.

ஆனாலும் சமாதானக் கூட்டம் போட்டால், "நாங்க எல்லாச் சாதியும் மாமன் மச்சானாப் பழகுறோம்" என்று மேடையில் பேசுகிறார்கள். பெண் கொடுக்காமல், பெண் எடுக்காமல் மாமன் எங்கிருந்து வந்தான்? மச்சான் எப்படி முளைத்தான்? சேரியில் இருக்கும் எழுபது வயதுப் பெரியவரை ஊர்த்தெருச் சிறுவன் பேர் சொல்லிக் கூப்பிடும்போது இந்த மாமன் முறை எங்கே போனது?

'கசின்' என்று சொல்வதால் சாதி போய்விடாது. அப்படிச் சொல்லும் படித்த பிள்ளைகளுக்கும் சொந்தச் சாதியில்தானே வரன் பார்க்கிறோம்? சாதி மறுத்துக் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைக்கு, தாயின் தம்பி தாய்மாமன்தான். அந்த முறையை எந்தச் சாதியாலும் அழிக்க முடியாது. அந்தத் தாய்மாமன்கள் வீம்பை விட்டு, அக்காள் பிள்ளையை மடியில் உட்காரவைத்துக் காதுகுத்த முன்வரட்டும். அப்புறம் மேடையில் மாமன் மச்சான் கதை பேசலாம்.