ஆகாய வேடிக்கையும் அட்மிரல்களின் கணக்கும்

பொங்கலுக்கு மாட்டின் கொம்பில் வர்ணம் பூசுவது வேறு. சந்தைக்கு முதல் நாள் பூசுவது வேறு. நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அமெரிக்கக் கடற்படை தன் சண்டை விமானங்களுக்கு நீலமும் பொன்னிறமும் பூசி, விமான தளங்களில் ஜனங்களைக் கூட்டி, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட வைக்கிறதே, அது எந்த வகை?

1946 ஏப்ரல். உலக யுத்தம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிப்பாய்கள் வீடு திரும்பிக் கொண்டிருந்தார்கள், யுத்தச் செலவு வெட்டப்பட்டது. தரைப்படையோடு இருந்த விமானப்படையோ தனிப் படையாகப் பிரியத் துடித்தது. 1947-ல் பிரிந்தும் விட்டது. இருக்கிற பணத்தில் யாருக்கு எவ்வளவு என்ற இழுபறி நடந்த அந்த நேரத்தில்தான் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் வேடிக்கைக் குழு அமைக்க உத்தரவிட்டார். கடற்படை விமானங்கள் மீது ஜனங்களுக்குள்ள ஆர்வம் குறையக் கூடாதாம்! இது நமது வியாக்கியானம் அல்ல. அவர்களே சொல்லும் காரணம்.

புளோரிடாவில் ஜாக்சன்வில் கடற்படை விமான தளம் குழுவுக்கு வீடாயிற்று. 1946 ஜூன் 15-ல் அதே நகரத்தின் கிரெய்க் மைதானத்தில் முதல் காட்சி. ‘நீல தேவதைகள்’ என்ற பெயர் பின்னால் வந்தது. நியூயார்க்கின் ஒரு கேளிக்கை விடுதியின் பெயர் அது!

அந்த ஆண்டுக் காட்சிகளில் என்ன காட்டினார்கள்? பயிற்சி விமானம் ஒன்றை ஜப்பானிய விமானம்போல் வேஷம் கட்டிப் பறக்கவிட்டு, அதைச் சுட்டு வீழ்த்துவதாக நடித்தார்கள். அதிலிருந்து ஒரு மனிதப் பொம்மையைப் பாராசூட்டோடு வெளியே தள்ளினார்கள். கூட்டம் கை தட்டியது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலம் அது.

பொம்மை மட்டும் விழவில்லை. 1946 செப்டம்பர் 29-ல் ஜாக்சன்வில் தளத்திலேயே இறக்கை நுனி பிய்ந்து ஒரு விமானி ஜனங்களின் கண்முன்னே மாண்டார். வேடிக்கை நிற்கவில்லை. 2000 ஜூனில் பென்சில்வேனியாவின் வில்லோ குரோவ் தளத்துக் காட்சியில் இருவர்; 2002 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பாயிண்ட் முகு தளத்துக் காட்சியில் இருவர். எல்லோரும் விமானத்துக்குள் இருந்தவர்கள்.

குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போகிற தொழிலாளியை நாம் பழிக்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒருநாள் சந்தோஷத்தை யார் விடுவார்? இறக்கைக்கு இறக்கை ஒட்டிப் பறப்பது அசாத்தியத் திறமைதான். இரவெல்லாம் இயந்திரம் பழுது பார்க்கும் கைகளும் உழைக்கும் கைகளே. ஆனால் காட்டும் பொருள் என்ன என்பதை 1950 காட்டிக் கொடுத்து விட்டது. கொரியா யுத்தம் மூண்டதும் வேடிக்கைக் குழுவைக் கலைத்து, ‘சாத்தானின் பூனைக்குட்டிகள்’ என்ற சண்டைப் படைப்பிரிவில் சேர்த்து, பிரின்ஸ்டன் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். தேவதை ஒரே நாளில் சாத்தான்! கொரிய விவசாயியின் தலைக்கு மேல் வந்தது அதே கைத்திறன்தான். குழுவின் தலைவரும் 1951 மார்ச்சில் அங்கேயே மாண்டார். அதே வருஷம் குழுவை மறுபடி கூட்டினார்கள். 1950-களின் நடுவில் பென்சகோலா தளத்துக்கு மாறிய குழு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

2013-ல் வாஷிங்டனில் செலவு வெட்டு வந்தது. ஏப்ரலில் அந்த வருஷத்து மிச்சக் காட்சிகளை ரத்து செய்தார்கள். அதோடு நின்றதா? ஜூலையிலிருந்து பாதுகாப்பு இலாகாவின் சிவிலியன் ஊழியர்கள் சுமார் 6,50,000 பேரைச் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். பதினொரு நாள் என்று அறிவித்து, கடைசியில் ஆறு நாள் கூலியைப் பிடித்தார்கள். பழுது பார்க்கிறவர், குமாஸ்தா, கிடங்குத் தொழிலாளி என்று எத்தனையோ குடும்பங்களின் அடுப்பில் கை வைத்தார்கள். யுத்தத் தளவாடம் செய்யும் கம்பெனிகளின் லாபத்தில் ஆறு நாள் பிடித்தம் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. 2014 வசந்தத்தில் நீல விமானங்கள் மறுபடி ஆகாயத்தில் ஏறின.