முதலையைக் கூப்பிட்டது யார்?



போயா லீவு வந்தால் தூண்டிலோடு குளத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். திலாப்பியா, விரால், கரையிலேயே பொரியல், செல்ஃபி. மீன் பிடிப்பதில் பிழையில்லை. பிடித்ததை எங்கே வெட்டுகிறோம்? உம்மாமார் உடுப்புக் கழுவும், பிள்ளைகள் குளிக்கும் அதே துறையில். குடலையும் செவுளையும் அப்படியே தண்ணீருக்குள் எறிகிறோம். இரண்டு நாள் தீனி கிடைத்த இடத்துக்கு மூன்றாம் நாளும் முதலை வரும்தானே? வந்ததும் "அடிச்சுக் கொல்லுங்க" என்று பேஸ்புக்கில் கத்துவதும் நாங்கள்தான்.

திலாப்பியாவை இந்த நாட்டுக் குளங்களில் விட்டதே 1950களில். முதலை அதற்கு எவ்வளவோ முன்பிருந்து இங்கே இருக்கிறது. அதைக் கொல்வது வனஜீவராசிச் சட்டப்படி குற்றம் என்றால், "சேர்மாருக்கு முதலையிலதான் இரக்கம்" என்கிறீர்கள். அந்தத் துறையில் குளிப்பது எங்கள் வகுப்புப் பிள்ளைகள், தம்பிமாரே!

அறுந்த தங்கூசியையும் கரையிலேயே விட்டு வருகிறோம். போன கிழமை ஒரு நீர்க்காகம், காலிலும் செட்டையிலும் சுற்றிக் கிடந்தது. வெட்டிவிட்டோம். பறக்கவில்லை, தத்தித் தத்திப் பற்றைக்குள் போனது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸுக்கு ஜும்ஆவில் தலையாட்டுகிறோமே, இது மட்டும் வேறா?

அடுத்த போயாவுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய அரிசிப் பை கொண்டு வாருங்கள், தங்கூசியைப் பொறுக்க. குடலைத் துறையிலிருந்து தள்ளிக் கிடங்கு வெட்டித் தாட்போம். மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது.