அம்மாவின் இடது தோள்

சுங்கை பட்டாணியில் தையல் வகுப்புக்குப் போனேன். முதல் நாளே பொம்மைமேல் காடாத் துணியைப் போர்த்தச் சொன்னார்கள். தாளில் வரைந்து வெட்டியே பழகிய கைக்கு இது புதுசு. துணியின் நெட்டிழை பொம்மையின் நடுக்கோட்டில் நேராக விழவேண்டும். மார்பருகே மிஞ்சும் துணியை மடித்துக் குண்டூசி குத்தினால் அதுவே டார்ட். மடிப்புகளைப் பென்சிலால் குறித்து, கழற்றி விரித்தால் பேட்டர்ன் தயார். பாரிஸில் மேடலின் வியோனே சின்ன மரப்பொம்மையில் இப்படித்தான் துணியைச் சரிவாகப் போர்த்திப் பார்த்துப் பேர் வாங்கினார்.

முதல் ரவிக்கை அம்மாவுக்கு. பொம்மையில் கச்சிதம், அம்மா போட்டதும் இடப்பக்கம் சரிந்தது. தோட்டத்தில் இருபது வருஷம் காண்டாவில் பால் வாளி சுமந்த தோள் அது. மற்றதைவிட ஒரு விரற்கடை தாழ்வு. இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

"விடும்மா, ஊக்கு குத்திக்கிறேன். எப்பவும் அப்படித்தானே?" என்றார்.

பொம்மையில் கூட்டலாம், குறைக்க முடியாது. (வாங்குபவர்கள் உங்கள் அளவைவிடச் சற்றுச் சின்னதாகவே வாங்குங்கள்.) இடது தோளைத் தாழ்த்த வழியில்லாததால் வலது தோளில் பஞ்சை அடுக்கி, மேலே துணி சுற்றி, மறுபடி போர்த்தினேன். இரு தோளுக்கும் தனித்தனிப் பேட்டர்ன் வந்தது.

தீபாவளியன்று அம்மா ஊக்கு கேட்கவில்லை.