வயிறும் வம்சமும்

காலை நிகழ்ச்சி முடிந்து கிளம்பும் நேரத்தில் ஓர் அழைப்பு. "தம்பி, இது ரேடியோவுல போகாதுல்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அந்த அம்மா பேச ஆரம்பித்தார்.

மகளுக்கு 26 வயது. இரண்டு வருடமாக வயிற்றுவலி, பேதி, இரத்தப்போக்கு. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஸ்கோப் செய்ததில் கிரோன்ஸ் நோய் என்று தெரிந்திருக்கிறது. இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். வரன் ஒன்று வந்திருக்கிறது.

"இது பரம்பரை வியாதியாமே தம்பி. பேரப்பிள்ளைக்கும் வருமா? மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?"

பாட்டுப் போடத் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். அந்த வாரம் முழுக்க, தெரிந்த டாக்டர் ஒருவரை நச்சரித்தும் தேடிப் படித்தும் புரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்கிறேன்.

குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு. பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது கிரோன்ஸ். இரண்டிலும் நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது.

2001-இல்தான் கிரோன்ஸ் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பெயர் நோட்2. குடலில் பாக்டீரியாவை அடையாளம் காணும் காவலாளி அது. அதில் சில மாற்றங்கள் இருந்தால் காவல் குழம்புகிறது. அதன் பிறகு, இந்நோய்களோடு தொடர்புடைய 200-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் தெரிய வந்துள்ளன. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டுகின்றன.

அப்படியானால் பிள்ளைக்கு வருமா? மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், உண்மைதான். ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், நூற்றில் 90-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே மரபணுக்களோடு பிறக்கும் இரட்டையர்களில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. புகைபிடித்தல், சிறுவயதில் அடிக்கடி எடுத்த ஆன்டிபயாட்டிக், உணவு, நகர வாழ்க்கை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நம் நாட்டில் இந்த நோய் அதிகம் காணப்படுவது நம்மவர்களிடம். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்விலும் மலாய்க்காரர், சீனர்களைவிட இந்தியர்களிடமே அதிகம் பதிவாகியிருந்தது. ஆனாலும் சில பத்தாண்டுகளுக்கு முன் இது இங்கே அபூர்வம். அதற்குள் நம் மரபணு மாறிவிடவில்லை. மாறியது நாம் வாழும் விதம்.

மருந்திலும் மரபணு வருகிறது. இந்நோய்க்குத் தரப்படும் அசாதயோபிரின் மாத்திரை, என்யூடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடலாம். ஆசியர்களிடம் இந்த மாற்றம் கணிசமாக உண்டு. அந்த மாத்திரை எழுதிக் கொடுத்தால், பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தேன். படித்ததைச் சொன்னேன். பிறகு என் மனதில் பட்டதையும் சொன்னேன். "சொல்லிடுங்கம்மா. மறைச்சுக் கட்டி வச்சா, உங்க பொண்ணு மாத்திரையையும் மறைச்சுத்தான் விழுங்கணும். ஒருநாள் பயந்து நிறுத்திட்டா, நோய் திரும்பிடலாம். பிள்ளை உண்டாகும்போது நோய் அடங்கியிருக்கிறதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதுன்னு டாக்டர் சொன்னார். அதுக்கு மாப்பிள்ளைக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க அம்மாவுக்கும் எஸ்டேட்டுல இப்படித்தான் இரத்தமாப் போகும் தம்பி. வெளியில சொன்னா அசிங்கம்னு மூலம்னே சொல்லிட்டு இருந்தாங்க. கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல."

அந்தப் பாட்டிக்கு என்ன நோய் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் "குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்று டாக்டர் பேத்தியிடம் கேட்டபோது, "இல்லை" என்றுதான் பதில் போயிருக்கிறது.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் பேதி, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை குறைவு என்றால், மூலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் கிளினிக்குக்குப் போங்கள். வம்சத்தில் வருவது மரபணு மட்டுமல்ல. வெளியில் சொல்லாத பழக்கமும்தான்.